14 நகர்த்தலில் கைகுலுக்கல்: ஒரு பெர்லின் டிராவின் உள்கதை

பெரிய சதுரங்கப் போட்டி ஒன்றின் நேரலையைத் திறக்கிறீர்கள். சுற்று தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் ஒரு பலகையில் இரண்டு ராஜாக்களும் நடுக் கட்டங்களில் வந்து நிற்கின்றன. ஆட்டம் முடிந்தது என்று மின்னணுப் பலகைக்குச் சொல்லும் வழி அது. முடிவு: டிரா. ஸ்கோர் ஷீட்டில் 14 வரிகள்தான். கடிகாரத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஆளுக்கு 90 நிமிடத்தோடு தொடங்கி, நகர்த்தலுக்கு 30 விநாடி கூடிக்கொண்டே போகும் ஆட்டம் என்றால், 14 நகர்த்தலுக்கு 7 நிமிடம் சேரும். இருவரும் யோசிக்கவே இல்லை. அதனால் வந்து உட்கார்ந்தபோது இருந்ததைவிட எழுந்து போகும்போது கையில் அதிக நேரம்.

"இதற்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்று பார்ப்பவருக்குக் கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் அதே 14 நகர்த்தல்கள், அதே வரிசையில், வேறு இருவர் பெயரில், வேறொரு போட்டியில் கண்ணில் பட்டன. அதற்குப் பிறகு இன்னொன்று. இது யாருடைய தனிப்பட்ட ஆட்டமும் இல்லை. வலுவான கிராண்ட்மாஸ்டர்கள் பலர், தேவைப்படும்போது எடுத்து நீட்டும் ஒரு தயார் சீட்டு. அது எப்படி எழுதப்பட்டது, யார் அதைக் கிழித்துப் போட முடியும், ஏன் பெரும்பாலும் கிழிப்பதில்லை என்று பார்த்தால், 'சோம்பேறித்தனம்' என்ற ஒரே வார்த்தையில் இந்த டிராவை அடக்க முடியாது என்று புரியும்.

பக்கத்தில் ஒரு பலகை இருந்தால் காய்களை அடுக்கிக்கொள்ளுங்கள். வெள்ளையின் இடக்கைப் பக்கத்திலிருந்து நெடுவரிசைகள் ஏ முதல் எச் வரை. குறுக்கு வரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை.

முதல் மூன்று நகர்த்தல்கள் சதுரங்கம் கற்றவர் எல்லோருக்கும் தெரிந்தவை. வெள்ளை இ4, கருப்பு இ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கருப்புக் குதிரை சி6. வெள்ளை மந்திரி பி5. இது ஸ்பானிஷ் தொடக்கம். 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் பாதிரியார் ரூய் லோபஸ் பெயரையும் சொல்வார்கள். இங்கே கருப்பு வழக்கமாக ஏ6 ஆடி, 'என்ன செய்யப் போகிறாய்?' என்று மந்திரியைக் கேட்கும். நம் ஆட்டத்தில் அந்தக் கேள்வி இல்லை. கருப்பு நேராக இன்னொரு குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்து, இ4 சிப்பாயைக் குறிவைக்கிறது. இதுதான் பெர்லின் தற்காப்பு. 19-ஆம் நூற்றாண்டில் பெர்லின் நகரத்து ஆட்டக்காரர்கள் அலசி வைத்ததால் வந்த பெயர்.

நான்காவது நகர்த்தலில் வெள்ளை கோட்டை கட்டுகிறது (ராஜா ஜி1-க்கும் யானை எஃப்1-க்கும் ஒரே நகர்த்தலில் போகின்றன), இ4 சிப்பாயைக் காப்பாற்றுவதில்லை. கருப்புக் குதிரை அதை வெட்டுகிறது. வெள்ளை டி4 ஆடி மையத்தைத் திறக்கிறது. கருப்பு ராஜா இன்னும் இ8-ல்தான் நிற்கிறது, இ நெடுவரிசை திறந்தால் அதற்கு ஆபத்து. ஆகவே சிப்பாயைப் பிடித்துக்கொண்டு இருப்பது புத்திசாலித்தனம் இல்லை. குதிரை டி6-க்குப் பின்வாங்கி, பி5-ல் இருக்கும் மந்திரியை மிரட்டுகிறது. ஐந்து நகர்த்தல் முடிந்தது.

இப்போது ஆறாவது நகர்த்தல், வெள்ளையின் முறை. கதை முழுக்க இங்கேதான் இருக்கிறது. சாலை இரண்டாகப் பிரிகிறது. மந்திரியால் சி6 குதிரையை வெட்டினால் ஒரு நீண்ட போருக்கான வழி, அதற்குப் பிறகு வருவோம். மந்திரியை அப்படியே விட்டுவிட்டு டி4 சிப்பாயால் இ5-ஐ வெட்டினால் சமாதானத்துக்கான வழி. நம் ஆட்டத்தில் வெள்ளை இ5-ஐ வெட்டுகிறது. கருப்புக் குதிரை பி5 மந்திரியைத் தின்கிறது.

ஒரு காய் போய்விட்டதே என்று பதறவேண்டாம். ஏழாவது நகர்த்தலில் வெள்ளை ஏ4 ஆடி, பி5-ல் மாட்டிக்கொண்ட குதிரையைத் தாக்குகிறது. டி6-க்குத் திரும்பினால் இ5 சிப்பாய் வெட்டிவிடும். கருப்பு டி6 ஆடிக் காயைத் திருப்பிக் கொடுத்தும் தொடரலாம், அதில் கொஞ்சம் சச்சரவு உண்டு. எளிய வழி, குதிரையை டி4-க்குத் தாவவிட்டு அங்கே கொடுப்பது. எட்டாவதில் வெள்ளைக் குதிரை டி4-ல் வெட்டுகிறது, சி6 குதிரை அதை வெட்டுகிறது. ஒன்பதாவதில் வெள்ளை ராணி வந்து டி4-ல் உட்கார்ந்து கணக்கை நேர்செய்கிறது. வெள்ளை இழந்தது ஒரு மந்திரி, ஒரு குதிரை. கருப்பு இழந்தது இரண்டு குதிரை. பலகையில் ஒரு குதிரைகூடத் தாக்குதலில் இல்லை. மிச்சம் இருக்கும் ஒரே குதிரை பி1-ல் தூங்குகிறது.

கருப்பு டி5 ஆடுகிறது. இரண்டு கட்டம் பாய்ந்த அந்தச் சிப்பாயை, இ5-ல் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் போகிறபோக்கில் வெட்டலாம். ஆன்பாசான் என்று சொல்லும் விதி அது. பத்தாவது நகர்த்தலில் வெள்ளை அப்படியே வெட்டி டி6-க்கு வருகிறது. கருப்பு ராணி டி6-ல் அதை வெட்டுகிறது. ஏன் மந்திரியால் வெட்டக்கூடாது? எஃப்8 மந்திரிதான் ஜி7 சிப்பாய்க்குக் காவல். அது இடத்தைவிட்டு எழுந்தால் டி4-ல் இருக்கும் வெள்ளை ராணி மூலைவிட்டமாக வந்து ஜி7-ஐ எடுத்து, பக்கத்து எச்8 யானையையும் மிரட்டும். எனவே ராணிதான்.

இப்போது இரண்டு ராணிகளும் டி வரிசையில் முகத்துக்கு முகம் நிற்கின்றன. வெள்ளைக்கு ராணியை மாற்றிக்கொள்ள மனமில்லை. மாற்றினால் கருப்பு மந்திரி நல்ல இடத்துக்கு வந்துவிடும், இரண்டு மந்திரிகளும் திறந்த பலகையும் கருப்புக்கு. ஆகவே ராணி இ4-க்கு நகர்ந்து செக் கொடுக்கிறது. கருப்பு ராணி இ6-ல் வந்து மறைத்து, மறுபடியும் 'மாற்றிக்கொள்ளலாமா?' என்கிறது. வெள்ளை டி4-க்குத் திரும்புகிறது. எஃப்8 மந்திரி திரும்பவும் ஜி7-க்குக் கட்டுப்படுகிறது. கருப்பு ராணி டி6-க்கு வந்து முகம் காட்டுகிறது. மீண்டும் இ4 செக், இ6, டி4, டி6. பதினான்கு.

இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. கருப்பு ராணி இ6-ல், வெள்ளை ராணி டி4-ல் இருக்கும் கணத்தைப் பாருங்கள். இப்போது கருப்பின் முறை. கருப்பு ராணியை அங்கேயே விட்டு வேறு எதையாவது ஆடினால், அடுத்து எஃப்1 யானையை இ1-க்கு நகர்த்தினால் கருப்பு ராணி தன் ராஜாவுக்கு முன்னால் மாட்டிக்கொள்கிறதே, ராணியையே வாங்கிவிடலாமே என்று வெள்ளைக்குக் கை துடிக்கும். நகர்த்திவிட்டால் கருப்பு ராணி இறங்கி வந்து இ1 யானையை வெட்டும், அது செக்மேட். அந்த யானைக்குத் துணை இல்லை. ஏ1 யானைக்கும் அதற்கும் நடுவே பி1 குதிரையும் சி1 மந்திரியும் இன்னும் தொடங்கிய இடத்திலேயே படுத்திருக்கின்றன. வெள்ளை ராஜாவுக்கு முன்னால் மூன்று சிப்பாய்களும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. 'சும்மா ராணியை இங்கேயும் அங்கேயும் நகர்த்துகிறார்கள்' என்று தோன்றும் ஆட்டத்துக்குள் ஒரு மேட் ஒளிந்திருக்கிறது. யோசிக்காமல் ஆடுவது போலத் தெரிந்தாலும், யோசிக்கத் தெரியாதவர் ஆடினால் கவிழ்ந்துவிடுவார்.

கடைசி நிலையை எண்ணிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஆளுக்கு ஆறு சிப்பாய்கள், ஏ, பி, சி, எஃப், ஜி, எச் வரிசைகளில். நடுவில் இரண்டு வரிசைகளும் காலி. வெள்ளையின் ஏ சிப்பாய் மட்டும் இரண்டு கட்டம் முன்னால் போயிருக்கிறது, மற்றபடி கண்ணாடி பிம்பம். சண்டை போடக் காரணமே இல்லாத நிலை என்று ஒன்று உண்டென்றால் அதற்கு இது கிட்டத்தில் வரும்.

விதிப்படி இது எப்படி டிரா ஆகிறது? ஒரே நிலை மூன்று முறை வந்தால், நகர்த்தும் முறை யாருடையதோ அவர் டிரா கேட்கலாம். அடுத்தடுத்து வரவேண்டும் என்ற அவசியமில்லை. ஆனால் அதே காய்கள் அதே கட்டங்களில் இருந்தால் மட்டும் போதாது. அதே ஆளின் முறையாக இருக்கவேண்டும், கோட்டை கட்டும் உரிமை, ஆன்பாசான் உரிமை எல்லாம் மாறாமல் இருக்கவேண்டும். நம் ஆட்டத்தில் கருப்பின் 10, 12, 14-ஆவது நகர்த்தல்களுக்குப் பிறகு வரும் நிலை ஒன்றேதான். கருப்பு ராஜா இடையில் அசையவே இல்லை, கோட்டை உரிமை அப்படியே இருக்கிறது. மூன்று முறை ஆயிற்று.

கேட்பதிலும் முறை இருக்கிறது. கருப்பு கேட்க விரும்பினால், ராணியை டி6-க்கு நகர்த்தும் முன்பே அந்த நகர்த்தலைத் தாளில் எழுதிவிட்டு, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரைக் கூப்பிடவேண்டும். காயைத் தொட்டுவிட்டால் அந்த நகர்த்தலுக்கான உரிமை போயிற்று. கேட்டது தப்பு என்று தெரிந்தால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகப் போகும். யாரும் கேட்காமல் நிலை ஐந்து முறை வந்துவிட்டால் யாரும் கேட்கவே வேண்டாம், ஆட்டம் தானாக முடியும். 2014-ல் வந்த விதி அது. இந்தப் பெர்லின் ஆட்டத்தில் அவ்வளவு தூரம் போக யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

சரி, இப்போது ஆறாவது நகர்த்தலில் விட்டுவிட்டு வந்த அடுத்த சாலைக்குப் போகலாம். பெர்லின் என்றாலே உலகத்துக்கு நினைவு வருவது அதுதான்.

மந்திரி சி6 குதிரையை வெட்டுகிறது, கருப்பு டி சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. வெள்ளை இ5-ஐ வெட்ட, குதிரை எஃப்5-க்கு ஓடுகிறது. எட்டாவதில் வெள்ளை ராணி டி8 ராணியை வெட்டுகிறது, கருப்பு ராஜாவே எடுக்கிறது. ராணிகள் போயின. கருப்பு ராஜா நடுத்தெருவில் நிற்கிறது, இனி கோட்டை கட்ட முடியாது. சி வரிசையில் இரண்டு சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைந்து கிடக்கின்றன. வெள்ளைக்கு ராஜா பக்கத்தில் மூன்றுக்கு எதிராக நான்கு சிப்பாய்கள். மற்ற காய்கள் எல்லாம் மாறிப்போய்ச் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சினால் வெள்ளை ஜெயித்துவிடும். புத்தகப்படி பார்த்தால் கருப்புக்கு எல்லாமே குறை.

ஆனால் கருப்பிடம் இரண்டு மந்திரிகளும் இருக்கின்றன. எதிரே ராணி இல்லாததால் நடுவில் நிற்கும் ராஜாவுக்குக் குளிரவும் இல்லை, வேர்க்கவும் இல்லை. இப்படிக் கருப்பு கட்டும் சுவரில் எங்கே துளை போடுவது என்று வெள்ளை தேடவேண்டும்.

2000-ல் லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் இந்தத் துளையைத் தேடியவர் கேரி காஸ்பரோவ். 1985 முதல் சாம்பியன், எதிராளிகளைத் தொடக்கத்திலேயே நசுக்குவதில் பெயர் வாங்கியவர். எதிரே விளாதிமீர் கிராம்னிக், 25 வயது. முதல் ஆட்டத்திலேயே காஸ்பரோவின் இ4-க்கு கிராம்னிக் பெர்லினை எடுத்து வைத்தார். அப்போது அது மறந்துபோன, கொஞ்சம் தூசி படிந்த சரக்கு. டிரா. மூன்றாவது ஆட்டத்தில் அதே பெர்லின், டிரா. 9-லும் 13-லும் அதுவே, இரண்டும் டிரா. காஸ்பரோவ் நடுவில் வேறு தொடக்கங்களுக்கும் மாறிப் பார்த்தார். கடைசிவரை ஓர் ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை. கிராம்னிக் இரண்டு ஆட்டம் ஜெயித்து, மிச்சம் 13-ஐயும் டிரா செய்து, 8.5 - 6.5 என்று பட்டத்தைப் பிடித்தார். பெர்லின் சுவர் என்று எல்லோரும் சொல்லத் தொடங்கியது அப்போதுதான். நிஜச் சுவர் 1989-ல் இடிந்துபோயிருந்தது, பலகையில் எழுந்தது அதற்கு 11 வருடம் கழித்து.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கிராம்னிக் வைத்த பெர்லின் உயிரற்ற தொடக்கம் இல்லை. காஸ்பரோவின் பலம் ராணிகள் பலகையில் இருக்கும் கொந்தளிப்பான நடு ஆட்டத்தில். எட்டாவது நகர்த்தலிலேயே ராணியை எடுத்துவிட்டால் அவருடைய பாதி ஆயுதம் பையிலேயே தங்கிவிடும். அங்கே டிரா என்பது கருப்பு இழுத்துப்பிடித்து வாங்கிய விளைவு. நம் 14 நகர்த்தல் ஆட்டத்தில் டிரா இருவரும் சேர்ந்து நடந்துபோய் அடையும் இடம். தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று. பொருள் மட்டும் நேர் எதிர்.

பெர்லின் என்றால் தூக்கம் என்று நினைப்பவர்களுக்கு மூன்று ஆட்டங்கள் சொல்லலாம். 2013 சென்னை உலகப் பட்டப் போட்டியின் நான்காவது ஆட்டத்தில் ஆனந்துக்கு எதிராக நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன் இந்தச் சுவரை வைத்தார். வைத்தவர் சும்மா இருக்காமல், மந்திரியை ஏ2 வரை அனுப்பி ஒரு சிப்பாயைப் பறித்தார். மந்திரி அங்கேயே சிறைப்படுமோ என்று பார்த்தவர்கள் பதைத்தார்கள். 64 நகர்த்தல் போராடி ஆனந்த் டிரா வாங்கினார். அடுத்த வருடம் சோச்சியில் 11-ஆவது ஆட்டம். இந்தத் தடவை வெள்ளை கார்ல்சன், பெர்லின் ஆனந்துடையது. நடு ஆட்டத்தில் ஆனந்த் பி5 என்று துணிச்சலாக உடைத்தார், அப்போது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு யானையை பி4-க்குக் கொண்டுவந்து, மந்திரிக்குப் பதிலாகக் கொடுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை. 45 நகர்த்தலில் கார்ல்சன் ஜெயித்து, 6.5 - 4.5 என்று பட்டத்தையும் தக்கவைத்துக்கொண்டார்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. 2016 நியூயார்க், கார்ல்சனுக்கு எதிரே கர்யாகின், மூன்றாவது ஆட்டம். கார்ல்சன் ஐந்தாவது நகர்த்தலில் டி4 ஆடாமல் யானையை இ1-க்கு வைத்தார். பெர்லினிலேயே இதைவிட வறண்ட கிளை கிடையாது என்று பெயர். காய்கள் சில மாறி, யானை இ5-க்கு வந்து, பின்வாங்கும் நேரம். எல்லோரும் இ1-க்குத் திரும்புவார்கள். கார்ல்சன் இ2-ல் நிறுத்தினார். கர்யாகின் பி6 ஆடினார். அடுத்த நகர்த்தலில் கார்ல்சன் அதே யானையை இ2-லிருந்து இ1-க்கே நகர்த்தினார். ஒரு நகர்த்தலை வேண்டுமென்றே வீணாக்கி, எதிராளி பி சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்திய நிலைதான் தனக்கு வேண்டும் என்று சொல்லாமல் சொன்னார். வெள்ளை ஒரு முறை தள்ளிப்போனால் நஷ்டம் என்பது பள்ளிப் பாடம். ஆட்டம் 78 நகர்த்தல் போயிற்று, கர்யாகின் தோல்வியின் விளிம்பில் தொங்கினார், கடைசியில் டிரா. பட்டியலில் இதுவும் 'அரை - அரை', நம் 14 நகர்த்தல் ஆட்டமும் 'அரை - அரை'.

ஆக, சாவி யார் கையில்? பலர் கருப்பைத் திட்டுகிறார்கள், 'பெர்லின் ஆடி அறுக்கிறான்' என்று. ஆனால் 14 நகர்த்தல் டிராவைத் தேர்ந்தெடுப்பது வெள்ளை. ஆறாவதில் வெள்ளை விரும்பினால் போர், விரும்பினால் சமாதானம். பத்தாவதிலும் ஆன்பாசானில் வெட்டாமல் குதிரையை சி3-க்கு எடுத்து ஆட்டத்தைத் தொடரலாம். நான்காவதிலேயே கோட்டை கட்டாமல் டி3 ஆடிப் பலகையை மூடிவைக்கலாம். சென்னையில் ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் அதைத்தான் செய்தார், ஆட்டம் நீண்டு கார்ல்சன் ஜெயித்தார் என்பது வேறு விஷயம். முதல் நகர்த்தல் உரிமை உள்ளவரே 'எனக்கு அரைப் புள்ளி போதும்' என்று முடிவெடுக்கும்போதுதான் இந்தத் தயார் சீட்டு வெளியே வரும்.

அந்த முடிவுக்குக் காரணம் பெரும்பாலும் புள்ளிப் பட்டியலில் இருக்கும். கடைசிச் சுற்றில் அரைப் புள்ளி முன்னால் இருப்பவருக்கு வெள்ளை வந்தால் வேறென்ன செய்வார்? ரேட்டிங்கும், அதாவது ஆட்டக்காரரின் பலத்தைச் சொல்லும் எண்ணும், ஒரு காரணம். 200 புள்ளி அதிகம் உள்ளவருடன் ஆடினால், சூத்திரப்படி எதிர்பார்ப்பு அவருக்கு 0.76, நமக்கு 0.24. டிரா செய்தால் 0.26 கூடுதல். 2400-ஐத் தொட்டவர்களுக்கு அதைப் பத்தால் பெருக்குவார்கள்: 2.6 புள்ளி லாபம், பத்து நிமிட வேலைக்கு. எதிரே இருப்பவருக்கு அதே 2.6 நஷ்டம்.

அதனால்தான் திறந்த போட்டிகளில் தன்னைவிடப் பலவீனமானவர்களைச் சந்திக்கும் பெரிய ஆட்டக்காரர்கள் கருப்பில் பெர்லினைத் தொடத் தயங்குகிறார்கள். சுவர் கட்டினால் காற்றும் வராது. ஜெயித்தே ஆகவேண்டிய நாளில் அவர்கள் இ4-க்கு சி5 என்று சிசிலியன் பக்கம் போய்விடுவார்கள், தோற்கிற அபாயத்தோடு. சமபலம் உள்ளவர்கள் மட்டும் கூடும் மேல்தட்டுப் போட்டியில் கருப்பில் அரைப் புள்ளி என்பதே நல்ல வருமானம், அங்கே பெர்லின் வீட்டுக்காரன் மாதிரி. வெள்ளைக்காரர்களும் சுவரில் முட்டி முட்டி அலுத்துப்போய், மூன்றாவது நகர்த்தலிலேயே மந்திரியை சி4-க்கு வைக்கும் இத்தாலியன் பக்கம் கூட்டமாகப் போனார்கள். பல நூறு வருடம் பழைய அந்தத் தொடக்கம் இன்று உயர்மட்டத்தில் செழிக்க பெர்லின்தான் பெரிய காரணம் என்பேன்.

என்ஜின், அதாவது சதுரங்கம் ஆடும் கணினி நிரல், வந்தபிறகு இன்னொரு மாற்றம். முன்பு 'இந்த நிலை சமம்' என்பது ஒரு பெரியவரின் அபிப்பிராயம், மறுப்பவர் மறுத்து ஆடிப் பார்க்கலாம். இப்போது திரையில் 0.00 என்று, இருவரும் சமம் என்ற கணக்கு, வந்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. செக்கர்ஸ் விளையாட்டுக்கு இதைவிட மோசம் நடந்துவிட்டது: இருவரும் பிழையில்லாமல் ஆடினால் டிரா என்று 2007-ல் கணினி கணக்குப் போட்டு முடித்தே விட்டது. அங்கே முதல் சில நகர்த்தல்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தொடங்குவது ஏற்கெனவே பழக்கம். சதுரங்கத்திலும் என்ஜினுக்கும் என்ஜினுக்கும் போட்டி வைப்பவர்கள் ஒரு பக்கம் சாய்ந்த தொடக்கங்களைத் தாங்களே திணித்துத்தான் ஆடவிடுகிறார்கள். இல்லாவிட்டால் டிரா மழைதான்.

மனிதர்களின் டிராவைத் தடுக்க நிர்வாகிகள் படும்பாடு பழையது. 1962-ல் குரசாவோ தீவில், உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்க நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் பெட்ரோசியான், கெரஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களும் டிரா, பெரும்பாலும் அவசர டிரா. சோவியத் வீரர்கள் பேசி வைத்து ஆடுகிறார்கள் என்று பாபி ஃபிஷர் பத்திரிகையில் வெடித்தார். அடுத்த முறையிலிருந்து கேண்டிடேட்ஸ் நேருக்கு நேர் மோதும் போட்டிகளாக மாறியது. 2005-ல் சோஃபியாவில் நடந்த எம்டெல் மாஸ்டர்ஸில், எதிராளியிடம் டிரா கேட்கவே கூடாது, எதுவாயிருந்தாலும் நடுவரிடம் வா என்றார்கள். சோஃபியா விதி என்று அது பரவிற்று. 2008-ல் பில்பாவோவில் கால்பந்து மாதிரி வெற்றிக்கு 3, டிராவுக்கு 1. 2018 உலகப் பட்டப் போட்டியில் 30 நகர்த்தலுக்கு முன் டிரா பேசக்கூடாது, 2021-ல் அது 40 ஆயிற்று.

இத்தனை வேலிக்கும் நம் 14 நகர்த்தல் ஆட்டம் என்ன பதில் சொன்னது? ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் சாமர்த்தியம். யாரும் யாரிடமும் டிரா கேட்கவில்லை. வாய் திறக்கவில்லை. நிலை மூன்று முறை வந்தது, நடுவர் வந்து பார்த்தார், சரி என்றார். டிரா பேசுவதைத் தடுக்கலாம், ஒரே இடத்துக்குத் திரும்பி வருவதைத் தடுக்க முடியாது. தடுத்தால் தொடர் செக் கொடுத்து உண்மையிலேயே தப்பிக்கும் ஆட்டங்களும் செத்துவிடும். வேலி தாண்டாமல் கதவு வழியாக நடந்து போகிறவனை என்ன செய்வது? கொஞ்சமாவது வேலை செய்த மருந்து, 2019-ல் நார்வே போட்டி கொண்டுவந்தது என்று நினைக்கிறேன்: டிரா ஆனால் உடனே இருவரும் உட்கார்ந்து ஆர்மகெடான் ஆடவேண்டும். வெள்ளைக்கு நேரம் அதிகம், ஆனால் டிரா ஆனால் வென்றவர் கருப்பு. பெர்லினில் தூங்கிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது.

இந்த இடத்தில் 2023 டிசம்பரில் சமர்க்கண்டில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. சில நிமிடங்களில் ஆடி முடிக்கும் அதிவேகச் சதுரங்கமான பிளிட்ஸில் உலகப் போட்டி. ரஷ்ய கிராண்ட்மாஸ்டர்கள் நெபோம்னியாச்சியும் தூபோவும் எதிரெதிரே. முதல் நகர்த்தலிலிருந்து இருவரும் குதிரைகளை மட்டும் எடுத்து, ஒருவர் செய்ததை மற்றவர் அப்படியே திருப்பிச் செய்து, பலகையைச் சுற்றி ஒரு நடனம் ஆடிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பி டிரா என்றார்கள். நடுவர் குழு ஒப்புக்கொள்ளவில்லை. பேசி வைத்த ஆட்டம் என்று இருவருக்கும் பூஜ்யம். அதற்கு முன் 2021-ல் ஓர் இணையப் போட்டியில், இருவருமே அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெற்றுவிட்ட நிலையில், கார்ல்சனும் நகமுராவும் இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜாவைக் கிளப்பி முன்னும் பின்னும் நடத்திச் சிரித்துக்கொண்டே டிரா செய்தார்கள். அது அப்படியே நின்றது.

குதிரை நடனத்துக்குப் பூஜ்யம் கொடுத்தது சரிதான். ஆனால் அதே மண்டபத்தில் யாராவது 14 நகர்த்தல் பெர்லினை ஆடியிருந்தால் ஆளுக்கு அரைப் புள்ளி போயிருக்கும், ஒருவரும் முகம் சுளித்திருக்கமாட்டார்கள். முடிவில் என்ன வித்தியாசம்? இரண்டிலும் உட்காரும்போதே விளைவு தெரியும். வித்தியாசம் இதுதான்: பெர்லினில் ஒவ்வொரு நகர்த்தலும் அந்த நிலையில் நியாயமான நகர்த்தல். எந்தக் கட்டத்திலும் ஒருவர் விலகி நடக்கலாம், மற்றவர் அதற்குத் தயாராக இருக்கவேண்டும். நடுவர் எந்த நகர்த்தலைச் சுட்டி 'இது மோசடி' என்பார்? கோபப்படலாம், நிரூபிக்க முடியாது. பேசிக்கொள்ளாமலே பேசிமுடித்த உடன்படிக்கை அது. அதை எழுதியவர்கள் இந்த இருவரும் அல்ல, இவர்களுக்கு முன்னால் அதே வழியில் நடந்தவர்கள்.

கடைசியாக கிராம்னிக்கைப் பற்றி ஒன்று. சுவரைக் கட்டியவர் 2019-ல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அந்த வருடக் கடைசியில் ஒரு யோசனை சொன்னார். தியரி மலையாகக் குவிந்துவிட்டது, ராஜா சீக்கிரமே பத்திரமான இடத்துக்குப் போய்விடுகிறது, ஆட்டக்காரர்கள் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறார்கள். அதனால் கோட்டை கட்டும் விதியையே எடுத்துவிட்டு ஆடிப் பார்க்கலாம் என்றார். டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஜீரோ என்ற சதுரங்க நிரலை வைத்துச் சோதித்தும் பார்த்தார்கள். அந்தச் சதுரங்கத்தில் பெர்லினின் முதல் மூன்று நகர்த்தல்களும் ஆடலாம். நான்காவதில் வெள்ளை கோட்டை கட்டவேண்டும், அதற்குத்தான் அங்கே அனுமதி இல்லை.